ஒரே ஒரு காப்பி... ஓராயிரம் பேஸ்ட்! உங்க கீபோர்டுல ஒளிஞ்சிருக்கும் 'கிளிப்போர்டு' மேஜிக்

வேலைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்றீங்க. முகவரி, மெயில் ஐடி, ரெஸ்யூமே லிங்க்னு ஒவ்வொண்ணுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஃபார்முக்கும் நடுவுல ஓடிட்டே இருக்கீங்களா? இனி அந்த ஓட்டம் தேவையில்லை மக்களே!

1970-களில், அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லேரி டெஸ்லர், டிம் மாட் இருவரும் உருவாக்கிய 'ஜிப்ஸி' எடிட்டரில்தான் இன்றைய கட், காப்பி, பேஸ்ட் வடிவம் பெற்றது. ஆனா, சாதாரண கிளிப்போர்டுக்கு ஞாபக சக்தி கம்மி. புதுசா ஒண்ணை காப்பி பண்ணா, பழசு காலி. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கிளிப்போர்டு ஹிஸ்டரி.

ஆண்ட்ராய்டில்...

ஜிபோர்டு கீபோர்டின் மேல்வரிசையில் இருக்கும் கிளிப்போர்டு ஐகானைத் தொட்டு ஆன் பண்ணுங்க. இனி காப்பி பண்றதெல்லாம் வரிசையா சேரும். ஆனா, ஒரு மணி நேரம்தான் இருக்கும். நிரந்தரமா வேணும்னா, அதை அழுத்திப் பிடிச்சு 'பின்' பண்ணிடுங்க. நீங்களா அழிக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும்.

ஐபோனில்...

செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் எனப் போங்க. முழு முகவரிக்கு 'முக' மாதிரி ஒரு குட்டிச் சுருக்கம் வெச்சிடுங்க. அதை டைப் பண்ணி ஸ்பேஸ் தட்டினா, முழு முகவரியும் வந்து நிக்கும். வழக்கமா எழுதுற வார்த்தையையே சுருக்கமா வைக்காதீங்க. சாட்டிங்ல தேவையில்லாம முகவரி போயிடும்!

லேப்டாப்பில்...

விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் பட்டனோடு 'வி'யை அழுத்துங்க. கடைசியா காப்பி பண்ண 25 விஷயங்கள் வரை இருக்கும். ரீஸ்டார்ட் பண்ணா போயிடும். பின் பண்ணது மட்டும் தப்பிக்கும்.

எதை பின் பண்ணக் கூடாது?

பாஸ்வேர்டு, ஏ.டி.எம் கார்டு நம்பர், ஆதார் நம்பர்... மூணுக்கும் ஸ்ட்ரிக்ட்டா நோ! அன்லாக் ஆன உங்க போன் யார் கையில கிடைச்சாலும், கீபோர்டைத் திறந்தாலே அது தெரிஞ்சிடும். பாஸ்வேர்டுக்கு பாஸ்வேர்டு மேனேஜர்தான் சரி.

ஆண்ட்ராய்டு 10-லிருந்து, பின்னணியில் இருக்கும் ஆப்கள் உங்க கிளிப்போர்டைப் படிக்க முடியாது. நீங்க டீஃபால்ட்டா வெச்சிருக்கும் கீபோர்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால, முன்பின் தெரியாத கீபோர்டு ஆப்பை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. நீங்க டைப் பண்ற ஒவ்வொரு எழுத்தும் அது வழியாத்தான் போகுது.

இன்னொண்ணு... காப்பி பண்ண அக்கவுன்ட் நம்பரை நைஸா மாத்தி வைக்கிற வைரஸ்களும் இருக்கு. பணம் அனுப்புறப்போ, பேஸ்ட் பண்ண நம்பரை ஒருதடவை முழுசா சரிபார்த்துட்டு, அப்புறம் 'சென்ட்' தட்டுங்க!