கயிறு கைமாறிய குதிரைகள்

முதல் உலகப் போருக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறிய குதிரைகள் ஏறத்தாழ 1,36,000. போர் முடிந்து ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று. துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் சுடப்பட்டு 1915 மே மாதம் இறந்த ஆஸ்திரேலியத் தளபதி பிரிட்ஜஸின் குதிரை, சாண்டி. 1918 நவம்பரில் மெல்போர்ன் வந்து சேர்ந்த அதைப் பார்வை மங்கி உடல் தளர்ந்தபின், 1923இல் கருணைக்கொலை செய்தார்கள். மற்றவற்றைக் கொண்டுவராததற்குக் கப்பல் செலவும் நோய் பரவும் என்ற பயமும் காரணம்.

கால்நடை மருத்துவனாகக் குதிரைக்காரர்களோடு வாழ்நாளெல்லாம் பழகியவன் நான். குதிரை செத்தால் அழுவார்கள், மெல்ல மெல்லத் தேறிவிடுவார்கள். விற்றவர்கள்தான் தேறுவதில்லை. "யார்கிட்ட நிக்குதோ, தண்ணி காட்டுறாங்களோ இல்லையோ" என்று வருஷக் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாலஸ்தீனப் போர்முனையில் இருந்த ஆஸ்திரேலியக் குதிரைவீரர்களின் துக்கம் இந்த வகை.

அவர்கள் ஏறிய, வேலர் எனப்படும் ஆஸ்திரேலியக் குதிரைகள் நமக்குப் புதியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியப் படைக்காகச் சென்னையில் வந்து இறங்கியவைதான். ஆள், சேணம், துப்பாக்கி, தீவனம் என்று 130 கிலோ வரை சுமந்தன. 1917 அக்டோபர் 31 அன்று பீர்ஷீபா ஊரையும் அதன் கிணறுகளையும் பிடிக்கப் பாய்ந்தபோது, அவற்றில் பல ஒரு நாளுக்கு மேலாகத் தண்ணீர் காணாதவை.

போர் முடிந்ததும் தரம் பிரித்தார்கள். 12 வயது தாண்டியவையும் நோய்ப்பட்டவையுமாகச் சுமார் 2,000 குதிரைகளைக் கொன்றார்கள். லாடத்தைக் கழற்றிக்கொண்டார்கள். பிடரி மயிரையும் வாலையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள், அவற்றுக்கு விலை இருந்தது. பல்லைப் பார்த்து வயது சொல்லும் தொழில் எனக்கு. 12 வயது என்பது கிழட்டு வயதே அல்ல. ஏறுகிறவன் மனதை அறிந்து நடக்கும் பக்குவம் வந்த வயது. இன்னும் சுமார் 11,000 குதிரைகள் விற்கப்பட்டன, பெரும்பாலும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்கு. அந்நியன் கையில் கொடுக்க மனமில்லாமல் வீரர்கள் பலர் தாங்களே சுட்டுவிட்டதாக ஆஸ்திரேலியாவில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம் குறைவு. ஆனால் அந்த நினைப்பு பலருக்கு வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்நியன் கையில் குதிரை என்ன பாடுபடுமோ என்ற பயம் வீண் பயமும் அல்ல. பிரிட்டிஷ் படை எகிப்தில் விற்றுவிட்டுப்போன குதிரைகளை, 1930இல் கெய்ரோ வந்த டாரதி புரூக் என்ற பெண்மணி தேடிக் கண்டுபிடித்தார். விலா எலும்பு தெரிய, உடம்பில் ராணுவத்தின் அம்பு முத்திரையோடு அவை பாரம் இழுத்துக்கொண்டிருந்தன. 1931இல் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளைப் பணம் கொடுத்து மீட்டார். பெரும்பாலானவை தேறும் நிலையில் இல்லை. அவற்றுக்கு வயிறாரத் தீவனமும் மெத்தென்று படுக்க இடமும் கொடுத்து, வலியில்லாமல் அனுப்பிவைத்தார். அக்குதிரைகளை வைத்திருந்தவர்களும் ஏழைகளே என்பதை அவர் மறக்கவில்லை. 1934இல் கெய்ரோவில் அவர் தொடங்கிய மருத்துவமனையில் ஏழைகளின் குதிரை, கழுதைகளுக்கு இலவச வைத்தியம்.

கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விற்கிற நாளில் விலையோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். வாங்குகிறவர் எங்கே கட்டுவார், என்ன போடுவார் என்று நேரில் போய்ப் பார்த்த பிறகு கயிற்றைக் கொடுங்கள்.