பழைய கேமராக் கருவிகளுக்கான காப்பீடு (பெங்களூரு)

பழைய கேமராக் கருவிகளுக்கான காப்பீடு என்பது, ஒருவர் பயன்படுத்தி விற்ற கேமரா பாடி, லென்ஸ், ஃபிளாஷ் முதலியவற்றை வாங்கியவர், அவை திருடுபோனாலோ உடைந்தாலோ தீயிலோ வெள்ளத்திலோ சேதமானாலோ ஏற்படும் இழப்பை ஈடுகட்டப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு. இதற்கென்று தனிச் சட்டமோ, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பாலிசியோ இந்தியாவில் இல்லை. புதுக் கருவிகளை மனதில் வைத்து எழுதிய விதிகளைத்தான் பழையவற்றுக்கும் பொருத்துகிறார்கள். கடையில் வாங்கிய புதுக் கேமராவுக்கு விலை, தேதி, உடைமையாளர் பெயர், சீரியல் நம்பர் எல்லாம் ஒரே பில்லில் இருக்கும். கை மாறிய கேமராவுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. ஆகவே பிரீமியம் எவ்வளவு என்பதைவிட, கருவிக்கு என்ன மதிப்பு எழுதுவது, அது தன்னுடையதுதான் என்று எப்படிக் காட்டுவது என்ற இரண்டு கேள்விகளே இங்கு முக்கியமானவை.

பெங்களூருவின் சந்தை

பெங்களூருவுக்கு ஒளிப்படக் கலையோடு பழைய உறவு. ஜி.கே. வேல் ஸ்டுடியோ 1910இல் தொடங்கியது. யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1971இல் உருவானது. ஈ. ஹனுமந்த ராவ், டி.என்.ஏ. பெருமாள் போன்ற கானுயிர் ஒளிப்படக்காரர்கள் இந்நகரிலிருந்து இயங்கியவர்கள். பந்திப்பூர், நாகரஹொளே, கபினி, ரங்கனதிட்டு ஆகியவை சில மணி நேரப் பயணத்தில் இருப்பதால், மற்ற ஊர்களில் அதிகம் விலைபோகாத நீண்ட டெலிபோட்டோ லென்ஸ்களுக்குக்கூட இங்கே வாங்குபவர் உண்டு. 2018இல் நிக்கான் இசட் வரிசையையும் கேனன் இஓஎஸ் ஆர் வரிசையையும் வெளியிட்ட பிறகு பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறினார்கள். அவர்கள் கழித்த டிஎஸ்எல்ஆர் பாடிகளும் லென்ஸ்களும் பழைய சந்தைக்கு வந்து சேர்ந்தன. கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞருக்குத் தொழிலில் கால்வைக்க இது பெரிய உதவி. ஆனால் அவருடைய முதலீடு முழுவதும் ஒரே பையில் தொங்குகிறது. அந்தப் பை போனால் தொழிலும் போய்விடும் என்பதால், காப்பீடு அதிகம் தேவைப்படுபவர் புதுக் கேமரா வாங்கும் வசதியுள்ளவரைவிட இவர்தான்.

எந்தப் பாலிசி எதற்கு

வீட்டுக் காப்பீடு இருந்தால் கேமராவுக்கும் அது போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வீட்டுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் வரும் சேதத்தை ஏற்கிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது போன்ற நிலையில் இது கைகொடுக்கும். ஆனால் அதில் திருட்டுக்கு இடம் மிகக் குறைவு: தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப்போனால் அந்தப் பாலிசி உதவாது. வீட்டுக்கு வெளியே கபினிப் படகில் லென்ஸ் நழுவி விழுந்தாலும் உதவாது.

தனியாக எடுக்கும் ‘பர்க்லரி’ பாலிசியிலும் ஒரு கண்ணி உண்டு. பலவந்தமாக உள்ளே நுழைந்து திருடியிருந்தால்தான் அது செல்லும் என்று பாலிசியில் எழுதியிருந்தால், அந்தச் சொற்களை அப்படியே பொருள்கொள்ள வேண்டும் என்று 2004இல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்யாண மண்டபத்தில் மேடையோரம் வைத்த பையை யாரோ தூக்கிக்கொண்டு போனால் எந்தப் பூட்டும் உடையவில்லை. ஆகவே அது பர்க்லரி அல்ல.

கேமராவுக்கு உண்மையில் பொருந்துபவை இரண்டு. ஒன்று ‘ஆல் ரிஸ்க்’ பாலிசி. தற்செயலாக நேரும் சேதத்தையும் திருட்டையும் வீட்டுக்கு வெளியிலும் ஏற்பது. மற்றொன்று மின்னணுக் கருவிகளுக்கான பாலிசி. எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு அதில் தனிச் சேர்க்கை போட்டுக்கொள்ள வேண்டும். ‘ஆல் ரிஸ்க்’ என்ற பெயரைப் பார்த்து எல்லாமே அடக்கம் என்று நம்பக் கூடாது. ஆளில்லாமல் நிறுத்திய காரிலிருந்து காணாமல் போனது, எப்படிப் போனது என்றே சொல்ல முடியாத மறைவு ஆகியவற்றைப் பல பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. வாங்கும் கடையில் பில்லோடு சேர்த்து விற்கும் ‘புரொடெக்ஷன் பிளான்’ பெரும்பாலும் புதுப் பொருளுக்கானது. பழையதை வாங்குபவருக்கு அது எட்டாது.

தொழிலுக்குப் பயன்படுத்துவதைச் சொல்லாமல் சொந்த உபயோகம் என்று எழுதிக் கொடுப்பது பெரிய தவறு. காப்பீடு முழு உண்மையை நம்பி நடக்கும் ஒப்பந்தம். மறைத்தது தெரிந்தால் நிறுவனம் கையை விரிக்கலாம். கேமராவை வாடகைக்கு விடுபவர் அதையும் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் திருப்பித் தராமல் விற்றுவிட்டால் அது திருட்டு அல்ல. பாரதிய நியாய சம்ஹிதாவின் 316ஆம் பிரிவில் வரும் நம்பிக்கை மோசடி. திருட்டுக்கு மட்டும் எடுத்த பாலிசி அதற்குப் பணம் தராது.

மதிப்பு என்னும் சிக்கல்

பழைய கேமரா வாங்கியவர்கள் அதிகம் ஏமாற்றமடையும் இடம் இதுதான். இந்தியாவில் நீண்ட காலமாக வழக்கிலுள்ள மின்னணுக் கருவிப் பாலிசியின் வாசகப்படி, காப்பீட்டுத் தொகையாக எழுத வேண்டியது நீங்கள் கொடுத்த விலை அல்ல. அதே வகை, அதே திறன் கொண்ட புதுக் கருவியை இன்று வாங்க ஆகும் தொகை. பழுது பார்க்கக்கூடிய சேதமென்றால், குறுகிய ஆயுள் உள்ள பாகங்கள் தவிர மற்றவற்றுக்குத் தேய்மானம் கழிக்காமல் பழுதுச் செலவு கிடைக்கும். முழுதாக இழந்தால் இழப்புக்கு முந்தைய நொடியில் அதற்கு இருந்த மதிப்பு, அதாவது தேய்மானம் கழித்த தொகை மட்டுமே வரும்.

எடுத்துக்காட்டாக, புதிதாக 2,00,000 ரூபாய் விலையுள்ள பாடியை ஒருவர் 80,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று கொள்வோம். கொடுத்த விலையையே காப்பீட்டுத் தொகையாக எழுதுகிறார். கீழே விழுந்து பழுதுச் செலவு 30,000 ரூபாய் ஆகிறது. குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்ததால் ‘ஆவரேஜ்’ விதி வந்து, ஐந்தில் இரண்டு பங்கான 12,000 ரூபாய்தான் அவருக்குச் சேரும். அதிலும் பாலிசியின் எக்சஸ் தொகையை, அதாவது ஒவ்வொரு இழப்பிலும் காப்பீடு எடுத்தவரே ஏற்க வேண்டிய பங்கைக் கழித்துக்கொள்வார்கள். மாறாக 2,00,000 என்று எழுதியிருந்தால் எக்சஸ் போகப் பழுதுச் செலவு முழுவதும் கிடைத்திருக்கும். ஆனால் அதே கேமரா திருடுபோனால் 2,00,000 வராது. சந்தை மதிப்பே வரும். பிரீமியம் புது விலைக்கு, முழு இழப்பீடு பழைய விலைக்கு என்ற இந்த ஏற்பாடு வாங்குபவருக்குப் பாதகமாகத் தெரிவது நியாயம். கேமராவில் முழு இழப்பைவிடப் பழுதுகளே அடிக்கடி வரும் என்பதால், பெரும்பாலோருக்குப் புது விலையை எழுதுவதே சரியான வழி.

இதற்கு மாற்று, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மதிப்பு. எல்லா நிறுவனமும் இதற்கு இசைவதில்லை. கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. உற்பத்தி நின்ற மாடல்களில் இது மிகவும் முக்கியம். உதிரிபாகம் கிடைக்காத கேமராவைப் பழுது பார்க்க முடியாது என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்தால், சிறு சேதமும் முழு இழப்பாக மாறி, தேய்மானம் கழித்த தொகையோடு கணக்கு முடிந்துவிடும்.

ஷட்டர் கவுண்ட்டும், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணும், மதிப்பைத் தீர்மானிக்கிறது. கேனன் 5டி மார்க் 3இன் ஷட்டர் 1,50,000 இயக்கங்களுக்கும், நிக்கான் டி850இன் ஷட்டர் 2,00,000 இயக்கங்களுக்கும் சோதிக்கப்பட்டவை. வாங்கும் நாளிலேயே கேமராவின் ஷட்டர் கவுண்ட்டைக் குறித்துவைத்தால், பின்னால் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் தேய்மானத்தை ஊகித்துக் கூட்டுவதைத் தடுக்கலாம்.

உடைமைக்குச் சான்று

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. சிக்கப்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய பொருள் சந்தையில் கேள்வி கேட்காமல் வாங்கிய லென்ஸ் திருட்டுப் பொருளாக இருந்தால், வாங்கியவர் அதற்கு உடைமையாளர் அல்ல. காப்பீடு செய்யத்தக்க உரிமையும் அவருக்கு இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் நியாய சம்ஹிதாவின் 317ஆம் பிரிவு தனியாகக் காத்திருக்கிறது.

பழைய பொருள் விற்கும் ஜிஎஸ்டி பதிவுள்ள கடைகள் பில் தரும். லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டும் முறை அவற்றுக்கு உண்டு. தனி நபரிடம் வாங்கும்போது பில் கிடையாது. அப்போது விற்பனைக் கடிதம் ஒன்று எழுதி வாங்க வேண்டும்: இருவர் பெயர், முகவரி, பாடி மற்றும் ஒவ்வொரு லென்ஸின் சீரியல் நம்பர், விலை, தேதி, கையெழுத்து. கூடவே விற்பவரின் அடையாள அட்டை நகல், கிடைத்தால் முதல் பில்லின் நகல். பணத்தை ரொக்கமாகத் தராமல் யுபிஐ வழியாகவோ வங்கி வழியாகவோ தருவது, முத்திரைத் தாளைவிட வலுவான சான்று. சில கேமராக்கள் தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் எக்சிஃப் தகவலிலும் பாடியின் சீரியல் நம்பரைப் பதிகின்றன. திருட்டுக்கு முந்தைய வாரத்தில் எடுத்த படங்கள் கையில் இருந்தால் கேமரா யாரிடம் இருந்தது, வேலை செய்ததா என்ற இரண்டுக்கும் அவை சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வரி கட்டாமல் வந்த ‘கிரே மார்க்கெட்’ கருவிகளுக்கு இந்திய வாரன்டி இல்லை. முதல் பில்லும் பெரும்பாலும் கிடைக்காது. சொந்தக் கேமராவோடு வெளிநாடு போகிறவர், தேவனஹள்ளி விமான நிலையத்தில் புறப்படும் முன் சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது வரிச் சிக்கல் வராது. சீரியல் நம்பரோடு அரசு முத்திரையுள்ள தாள் ஒன்றும் கைக்கு வரும்.

பூஞ்சை, பழைய கீறல்

லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது மெல்ல மெல்ல நேரும் கேடு. எந்தப் பாலிசியும் அதைத் தற்செயல் சேதமாக ஏற்பதில்லை. சென்னை, மங்களூரு போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் பழைய லென்ஸை டார்ச் அடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். ஏற்கெனவே இருந்த கீறலும் விலக்குதான். ஆகவே பாலிசி எடுக்கும் நாளில் எல்லாப் பக்கமும் படமெடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது.

கிளெய்ம்

திருட்டு என்றால் உடனே காவல் நிலையம் போக வேண்டும், அன்றே நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் எஃப்ஐஆர் பதியலாம். நகலை இலவசமாகத் தர வேண்டும். பந்திப்பூர்ச் சாலையில் பை போனாலும் பெங்களூருவிலேயே புகார் கொடுக்கலாம் என்பது இதன் பயன். இணையத்தில் பதியும் ‘இ-லாஸ்ட்’ அறிக்கை தொலைந்த பொருளுக்கானது; அதை மட்டும் பதிந்துவிட்டு வந்தால் திருட்டு கிளெய்ம் பலவீனமாகிவிடும். பொருள் கிடைக்காமல் வழக்கை மூடும்போது கர்நாடகக் காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது ‘சி ரிப்போர்ட்’. நிறுவனங்கள் அதைக் கேட்பது வழக்கம்.

தேவையான ஆவணங்களைப் பாலிசி தரும்போதே கேட்க வேண்டும், ஆவணம் இல்லை என்பதற்காகக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் சுற்றறிக்கையில் கூறியது. பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய பிடிமானம். ஆனாலும் பொருள் தங்களுடையது என்று நிறுவும் பொறுப்பு அவர்களிடமே இருக்கிறது.

நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் ஜே.பி. நகரில் ஜீவன் சௌதா கட்டடத்திலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. தனி உரிமையாளராகத் தொழில் செய்யும் ஒளிப்படக்காரரும் போகலாம். நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி. அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். சர்வேயர் எழுதிய தொகை குறைவு என்று படுகிறவர் துவண்டுவிட வேண்டியதில்லை. சர்வேயர் அறிக்கை முடிந்த முடிவல்ல என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதே மாடலுக்கு அந்த மாதத்தில் இரண்டு மூன்று பழைய கேமராக் கடைகள் எழுத்தில் தந்த விலையையும் சர்வீஸ் சென்டரின் மதிப்பீட்டையும் எதிர்ச்சான்றாக வைத்து வாதாடலாம்.