மெத்தைகள் கட்டிய மண்டபம்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சாண்டர்ஸ் அரங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே இருக்கைகளில் கிடந்த மெத்தைகள் இரவோடு இரவாக வெளியே போய் வந்த கதை இது.

1895இல் அதே வளாகத்தின் ஃபாக் கலைக்கூடத்து விரிவுரை அறையில் யார் பேசினாலும் விளங்கவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்தரை விநாடி. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் வந்து விழும். இதைச் சரிசெய்யச் சொல்லி இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சேபினிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு அப்போது 27 வயது.

ஊர் உறங்கியதும் சேபினும் உதவியாளர்களும் மெத்தைகளைச் சுமந்து வருவார்கள். கொஞ்சம் பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் எப்போது அடங்குகிறது என்று காதால் கேட்டுக் குறிப்பார். பிறகு இன்னும் கொஞ்சம் மெத்தை. விடிவதற்குள் அத்தனையும் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். இருக்கை, நடைபாதை, மேடை, பின்சுவர் எல்லாம் மூடியபோது ஒலி ஒரு விநாடி சொச்சத்தில் அடங்கியது.

மெத்தை ஒலியை உறிஞ்சும் அளவு இடத்துக்கு இடம் மாறும். திறந்த ஜன்னல் எங்கும் ஒன்றுதான், அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. ஆகவே மெத்தைக் கணக்கை ஜன்னல் கணக்காக மாற்றினார். எனக்கு அவருடைய மேதைமை தெரிவது இங்கேதான்.

பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நிறுவிய ஹிக்கின்சன், அதன் புது மண்டபத்துக்கு 1898இல் சேபினிடம் யோசனை கேட்டார். குறிப்பேடுகளைத் திரும்பப் புரட்டியபோதுதான் சேபினுக்குச் சூத்திரம் பிடிபட்டது: கொள்ளளவு கூடினால் எதிரொலி நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். லைப்சிக் நகரத்து கெவாண்ட்ஹவுஸ் அரங்கை அப்படியே பெரிதாக்க நினைத்தார் கட்டடக்கலைஞர் மெக்கிம். எதிரொலி மிஞ்சும் என்று கணக்கு தடுத்தது. பெட்டி வடிவத்தை வைத்துக்கொண்டு, இரண்டு அடுக்கு மாடங்களில் ஆட்களை அமர்த்தினார்கள்.

1900 அக்டோபர் 15 அன்று சிம்பொனி ஹால் திறந்தது. 75 அடி அகலம், 61 அடி உயரம். மேடைச் சுவர்கள் பின்னோக்கிக் குறுகி ஒலியைச் சபைக்குத் தள்ளுகின்றன. மாடங்களுக்கு மேலே சுவர்க்குழிகளில் நிற்கும் 16 சிலைகளும், கட்டம் கட்டமான கூரையும் அதைச் சிதறடிக்கின்றன. சபை நிறைந்தால் நாதம் இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அன்று போட்ட தோல் வேய்ந்த மரநாற்காலிகளில்தான் இன்றும் ரசிகர்கள் உட்காருகிறார்கள்.

முன்மாதிரியான லைப்சிக் அரங்கு இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அழிந்தது. ஒலி உறிஞ்சும் அளவுக்கு இன்று ‘சேபின்’ என்றே பெயர்; ஒரு சேபின் என்பது ஒரு சதுர அடி திறந்த ஜன்னல்.