பயிற்சிக்குப் பிடிபடாத தேர்வு

அமெரிக்காவில் தொடங்கி இன்று உலகெங்கும் வணிக மேலாண்மை முதுநிலைப் படிப்பில், அதாவது எம்.பி.ஏ.வில், சேர விரும்புவோர் எழுதிவரும் ஜிமேட் தேர்வின் வரலாற்றை, அதை நடத்தியவர்களின் ஆவணங்களைக் கொண்டு மட்டும் எழுதினால் பாதிக்கதைதான் தேறும். மறுபாதி, மாணவர்களை அத்தேர்வுக்குத் தயார் செய்த டியூஷன் வகுப்புகளிலும், பழைய வினாக்களைத் தொகுத்த தடித்த நூல்களிலும் கிடக்கிறது. பயிற்சியால் மதிப்பெண்ணைப் பெரிதாக உயர்த்திவிட முடியாது என்று தேர்வு வகுத்தோர் நெடுங்காலம் நம்பினர். முடியும் என்று நம்பியோர் அந்த நம்பிக்கையையே ஒரு தொழிலாக்கினர். இந்த இரு தரப்பாரும் ஒருவரையொருவர் கவனித்துக் கவனித்தே இன்றைய வினாத்தாளை உருவாக்கியிருக்கின்றனர்.

எம்.பி.ஏ. பட்டம் ஹார்வர்டில் 1908-இல் தொடங்கியபோது அதற்கெனத் தனி நுழைவுத் தேர்வு இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர்வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்ற 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகக் கல்லூரிகளில் கூட்டம் பெருகிற்று. வெவ்வேறு கல்லூரிகள் வெவ்வேறு அளவுகோலில் வழங்கிய மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கல் அப்போது எழுந்தது. இதற்குத் தீர்வு தேடி ஹார்வர்டு, கொலம்பியா, சிகாகோ உள்ளிட்ட ஒன்பது பல்கலைக்கழகங்களின் வணிகப் பள்ளிகள் 1953-இல் ஒன்றுகூடி, பிரின்ஸ்டனில் 1947-இல் நிறுவப்பட்டிருந்த கல்வித் தேர்வுச் சேவை (ஈ.டி.எஸ்.) என்ற அமைப்பை நாடின. மறு ஆண்டு பிப்ரவரியில் முதல் தேர்வு நடந்தது. 'வணிகப் பட்டமேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வு' என்று பொருள்படும் நீண்ட பெயர் அதற்கு இடப்பட்டது; ஜிமேட் என்ற பெயர் 1976-இல்தான் வந்தது. வணிகக் கல்வி வெறும் தொழிற்பயிற்சியாகத் தாழ்ந்து கிடக்கிறது என்று ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் கார்டன், ஹாவல் ஆகிய இருவர் 1959-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சாடிய பின், தம் தரத்தை நிறுவிக்காட்டும் கட்டாயம் வணிகப் பள்ளிகளுக்கு ஏற்பட்டது. எண்ணில் சொல்லக்கூடிய ஒரு சான்றுக்கு அப்போது மதிப்புக் கூடியதில் வியப்பில்லை.

பயிற்சித் தொழிலின் வேர் இதற்கும் முந்தியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஸ்டான்லி கேப்லான் என்ற இளைஞர் 1938-இல் தம் பெற்றோர் வீட்டின் நிலவறையில் டியூஷன் எடுக்கத் தொடங்கினார். மருத்துவம் படிக்க விரும்பித் தாம் விண்ணப்பித்த கல்லூரிகளிலெல்லாம் இடம் மறுக்கப்பட்டவர் அவர். தாம் யூதர் என்பதும், அரசுப் பணத்தில் நடந்த கல்லூரியில் படித்தவர் என்பதுமே அதற்குக் காரணம் என்று கருதினார். கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வுக்கு உதவும்படி 1946-இல் ஒரு மாணவி கேட்டபோது தொடங்கிய வேலை, பின்னர் மருத்துவம், சட்டம், வணிகம் எனப் பிற தேர்வுகளுக்கும் பரவி, 1970களில் நாடு தழுவிய கிளைகளாக வளர்ந்தது. சாட் என்ற பெயரின் நடுவெழுத்து அக்காலத்தில் இயல்திறனைக் குறித்தது. இயல்திறன் என்பது பிறவியிலோ நீண்ட பழக்கத்திலோ அமைவது, சில வார வகுப்பில் கூடுவதன்று என்ற கொள்கை அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருந்தது. ஆகவே அத்தேர்வை நடத்தியவர்களின் கண்ணில் கேப்லான் ஒரு பொய் வியாபாரி. அவர் சொல்வது உண்மையானால் அவர்களுடைய அளவுகோலே வளைந்துவிடும்.

இந்த வழக்கில் எதிர்பாராத தீர்ப்பு அரசிடமிருந்து வந்தது. பயிற்சிக் கூடங்களின் விளம்பரங்கள் நுகர்வோரை ஏமாற்றுகின்றனவா என்று ஆராயப் புகுந்த அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் ஆய்வு, ஒரு சாரார்க்குப் பயிற்சியால் மதிப்பெண் உயரத்தான் செய்கிறது என்று 1979-இல் கூறியது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலம், நுழைவுத் தேர்வுகளின் வினாக்களையும் விடைகளையும் தேர்வுக்குப் பின் வெளியிடவேண்டும் என்ற சட்டத்தை இயற்றியது. தேர்வு நடத்தியோர் இதை எதிர்த்ததற்குச் செலவு ஒரு காரணம். வெளியான வினா மறுமுறை பயன்படாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் உண்மையான பழைய வினாக்களைத் தொகுத்து விற்பதிலும் ஒரு வருவாய் இருப்பதை அவர்கள் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. ஜிமேட்டின் அதிகாரபூர்வ வழிகாட்டி நூல், பயிற்சி பெறுவோர் எவரும் தவிர்க்க முடியாத மூலநூலாயிற்று. பிற ஆசிரியர்கள் எழுதியவையெல்லாம் அதற்கான உரைகள் என்று சொன்னால் மிகையாகாது. பயிற்சி வீண் என்ற பழைய வாதம் இந்நூலுக்குப் பின் மெல்லத் தேய்ந்தது. இடையே ஹார்வர்டு வணிகப் பள்ளி 1980களின் நடுவில் ஜிமேட் மதிப்பெண் கேட்பதையே கைவிட்டதும், ஏறக்குறையப் பத்தாண்டு கழித்து மீண்டும் கேட்கத் தொடங்கியதும், அளவுகோலைக் குறைகூறுவோரும் அது இல்லாமல் வாழ இயலவில்லை என்பதைக் காட்டுகின்றன.

எதைப் பயிற்றுவிக்க முடிந்தது என்பதை அறிய, ஜிமேட்டுக்கே உரிய ஒரு வினாவகையைப் பார்ப்பது போதும். 'தரவுப் போதுமை' என்று தமிழில் சொல்லத்தக்க அவ்வகையில் விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த செய்தி விடை காணப் போதுமா என்று மட்டும் சொன்னால் போதும். செவ்வக வடிவான ஒரு வயலின் பரப்பு என்ன என்பது வினாவென்று கொள்வோம். சுற்றளவு 40 மீட்டர் என்பது முதல் கூற்று. நீளமும் அகலமும் சமம் என்பது இரண்டாம் கூற்று. முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, தனித்தனியே ஒவ்வொன்றும் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்ற ஐந்தே விடைகள், எல்லா வினாவுக்கும் மாறாத அதே ஐந்து விடைகள். இங்கு இரண்டும் சேர்ந்தால் பக்கம் 10 மீட்டர், பரப்பு 100 சதுர மீட்டர் என்று ஒரே எண் கிடைப்பதால் மூன்றாவது விடை சரி. இரண்டாம் கூற்றைத் தனியே சோதிக்கும்போது முதல் கூற்றின் 40-ஐ மனம் தானாகவே எடுத்துக்கொள்வதுதான் இதில் வைத்த கண்ணி. கணக்கில் வல்லவர்களே இக்கண்ணியில் மிகுதியாக விழுவதுண்டு. விடை காணும் வரை ஓயாத பழக்கம் அவர்களுடையது. கணக்குப் போடாமல் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பள்ளியில் யாரும் கற்பிக்காதது, ஆனால் சில வாரப் பயிற்சியில் கைவரக்கூடியது. பயிற்சிக்கூடங்கள் விற்ற சரக்கில் கணிதத்தைவிட இத்தகைய பழக்கங்களே அதிகம்.

தேர்வு கணினிக்கு மாறியபோது போட்டி வேறு களத்துக்குப் போயிற்று. 'தகவமைவுத் தேர்வு' என்பது, எழுதுபவர் சரியாக விடையளித்தால் அடுத்த வினாவைக் கடினமாக்கியும் தவறினால் எளிதாக்கியும் அவர் நிலையை நெருங்கிச் சென்று அளக்கும் முறை. இதற்கு, கடினத்தன்மை முன்கூட்டியே அளக்கப்பட்ட வினாக்கள் பெருந்தொகையாகக் கொண்ட ஒரு வினாவங்கி வேண்டும். ஒரே வினா பல நாள்கள், பலருக்கு வரும். இந்த ஓட்டையைக் கேப்லான் நிறுவனமே 1994-இல் அம்பலப்படுத்தியது. பிற முதுநிலைப் படிப்புகளில் சேர எழுதும், புதிதாகக் கணினிக்கு வந்திருந்த ஜி.ஆர்.ஈ. தேர்வுக்குத் தன் ஊழியர்களை அனுப்பி, அவர்கள் நினைவில் வைத்து வந்த வினாக்களைத் தேர்வு நடத்தியோரிடமே காட்டியது. நன்றி சொல்வதற்குப் பதில் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஜிமேட் 1997-இல் தகவமைவு முறைக்கு மாறியது. விட்ட வினாவுக்குத் திரும்பிவரும் வசதி அதோடு போய்விட்டதால், ஒரு வினாவை எப்போது கைவிட்டு ஊகித்துச் செல்வது என்பதே புதிய பாடமாயிற்று.

நினைவில் வைத்துச் சொல்வது ஒரு நிறுவனத்தின் சோதனையாக இருந்தவரை விளையாட்டு. கூட்டு வழக்கமானபோது வணிகம். பெய்ஜிங்கில் யூ மின்ஹோங் 1993-இல் நிறுவிய நியூ ஓரியண்டல் பயிற்சிப் பள்ளியின் மீது, பதிப்புரிமையுள்ள வினாக்களை அனுமதியின்றி அச்சிட்டு விற்றதாக ஈ.டி.எஸ்.ஸும் ஜிமேட்டின் உரிமையாளரான குழுமமும் 2001-இல் வழக்குத் தொடுத்து, 2003-இல் பெய்ஜிங் நீதிமன்றத்தில் வென்றன. புழக்கத்தில் இருந்த வினாக்களைக் கட்டணத்துக்குப் பகிர்ந்த ஓர் இணையதளத்தின் மீது அமெரிக்க நீதிமன்றம் 2008-இல் 20 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு விதித்தது. அத்தளத்தைப் பயன்படுத்திய சிலரின் மதிப்பெண்களும் ரத்தாயின. தேர்வறை வாசலில் உள்ளங்கை நரம்பமைப்பைப் படமெடுக்கும் கருவி வந்ததும் அக்காலத்தில்தான், ஒருவருக்காக மற்றொருவர் எழுதுவதைத் தடுப்பதற்காக. இந்தியாவில் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தமக்கென நடத்தும் கேட் தேர்வின் வினாத்தாள் 2003 நவம்பரில் கசிந்து, 2004 பிப்ரவரியில் மறுதேர்வு நடக்க நேர்ந்தது. ஹைதராபாத்தில் 2001-இல் தொடங்கிய இந்திய வணிகப் பள்ளி போன்றவை ஜிமேட் மதிப்பெண்ணை ஏற்றதால், வெளிநாடு செல்லாதவர்களும் அத்தேர்வுக்குப் பயிற்சி பெறத் தொடங்கினர்.

அட்டவணைகளையும் வரைபடங்களையும் படித்து முடிவெடுக்கும் புதிய பகுதி 2012-இல் சேர்ந்தது. மிகப்பெரிய வெட்டு 2023 நவம்பரில் விழுந்தது. கட்டுரையும், வடிவியலும், 'வாக்கியத் திருத்தம்' என்ற பகுதியும் நீக்கப்பட்டன. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் மரபுத்தொடர்ப் பட்டியல்களை மாதக்கணக்கில் மனனம் செய்தது இந்த வாக்கியத் திருத்தத்துக்காகத்தான். அது போனதில் வருந்தியவர்கள் அப்பட்டியல்களை விற்றவர்களாகவே இருந்திருப்பர். தரவுப் போதுமை மட்டும் பிழைத்து, கணிதப் பகுதியிலிருந்து தரவுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. இப்போதைய தேர்வில் தலா 45 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளில் மொத்தம் 64 வினாக்கள். மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. 1997-இல் பறிபோன திரும்பிப் பார்க்கும் உரிமையும் ஓரளவு மீண்டது: ஒரு பகுதியின் வினாக்களை முடித்தபின், நேரம் மிஞ்சினால், அப்பகுதியில் மூன்று விடைகள் வரை மாற்றலாம். அந்த மூன்றை எவ்வினாக்களுக்காகச் சேமித்துவைப்பது என்பதற்குப் பயிற்சி வகுப்புகளில் இப்போது தனிப்பாடம் நடக்கிறது.