தேநீர் கொடுத்தவர்கள்

1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லிங்கன் நகரில், சாட் வரா என்ற இளம் பாதிரியார் முதன்முதலாக ஒரு சவ அடக்கத்தை நடத்திவைத்தார். இறந்தவள் ஒரு சிறுமி. தான் பெரியவளானதை ஏதோ தகாத நோய் என்று எண்ணிப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டவள். அவள் யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்? நம் வீடுகளில் பந்தல் போட்டு ஊருக்கே சொல்வோம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் விவரம் சொல்லமாட்டோம்.

அந்தக் குழந்தையைப் பாதிரியார் மறக்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1953 நவம்பரில், லண்டன் வால்புரூக் தெருவிலுள்ள ஸ்டீபன் மாதா கோவிலில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். தற்கொலைக்கு முயல்வது அங்கே அப்போது குற்றம். 1961இல்தான் அந்தச் சட்டம் போயிற்று. மனசில் இருப்பதை வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்று பயந்த காலம்.

இன்னொரு விஷயம். இந்தப் பாதிரியார் 'ஈகிள்' என்ற சிறுவர் பத்திரிகைக்குக் கதை எழுதிச் சம்பாதித்தவர். எங்கள் ஜாதி! அதனாலோ என்னவோ, தம்மிடம் வருகிறவர்களுக்கு நிறையச் சொல்லவேண்டும் என்றுதான் அவரும் முதலில் நினைத்திருக்கிறார்.

ஆனால் நடந்தது வேறு. கூட்டம் சேர்ந்தது. காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில சாதாரண மனிதர்கள் உதவிக்கு வந்தார்கள். கோப்பையை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். வந்தவர்களில் பலர் பாதிரியாரைப் பார்க்காமலே மனம் லேசாகித் திரும்பிப் போய்விட்டார்கள்! பாதிரியாருக்குச் சற்று ரோஷம் வந்திருக்கலாம். வரவில்லை. 1954 பிப்ரவரியில் டெலிபோனையே அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். வைத்தியம் தேவைப்பட்டவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். 'சமாரிட்டன்ஸ்' என்ற பெரிய ஸ்தாபனம் அப்படித்தான் வளர்ந்தது.

1986இல் சென்னையில் 'ஸ்நேகா'வைத் தொடங்கிய டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் மனநல மருத்துவர். ஆனால் அங்கும் டெலிபோனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்களே.

இதையெல்லாம் படித்திருந்தும், பரீட்சையில் தவறிய என் தம்பி மகன் வீட்டில் பேசாமல் கிடந்தபோது, முதல் வாரம் முழுவதும் நான் அவனுக்குப் புத்திதான் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் இரண்டு டம்ளர் காப்பியோடு திண்ணையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எழுதுகிறவனுக்கு எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது. காப்பி ஆறிப்போயிற்று. முக்கால் மணி நேரம் இருக்கும்.

"மூணு மாசமாத் தூக்கமே வரலை, பெரியப்பா" என்றான்.

மறுநாள் அவனோடு டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தேன்.