சிகரம் ஏறும் வண்டி

ஹாங்காங் தீவில் சமதளம் என்பது கடலோரத்தில் ஒரு கீற்று. அதிலும் பெரும்பகுதி கடலைத் தூர்த்துப் பெற்றது. எஞ்சிய நகரம் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இத்தகைய ஊரின் வரலாற்றை அறிய, வாடகைக் காரை விடுத்துப் பொது ஊர்திகளில் ஏறி இறங்குவதே உகந்தது என்பது எங்கள் எண்ணம்.

முதலில் பீக் டிராமில் ஏறினோம். ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளப் பாதை, கடல்மட்டத்திலிருந்து 396 மீட்டர் உயரத்தில் முடிகிறது. ஒரு வண்டி இறங்க, மற்றொன்று ஏறும். கிணற்று ராட்டினத்தின் இருபுறமும் வாளி கட்டியது போன்ற ஏற்பாடு. செங்குத்தான இடங்களில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, வெளியே அடுக்குமாடிகள் சாய்ந்து நிற்பதாகத் தோன்றின.

1888 மே 30 அன்று இவ்வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் மலைமேல் வாழ்ந்த வெள்ளையர்களைச் சீனக் கூலிகள் பல்லக்கில் சுமந்து ஏறினர். இருப்புப்பாதை யோசனையை முன்வைத்தவர் ஃபிண்ட்லே ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். உச்சியில் அவருக்கு ஒரு விடுதி இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்!

1926 வரை வண்டிக்குள் மூன்று வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பு ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் சிகரவாசிகளுக்கும். இரண்டாவது படையினருக்கும் காவலருக்கும். மூன்றாவது பிறருக்கும் விலங்குகளுக்கும். அந்தப் 'பிறர்' என்ற சொல்லுக்குள் நகரத்துச் சீனர்கள் ஏறக்குறைய அனைவரும் அடங்கிவிட்டனர். 1908 முதல் 1949 வரை முன்வரிசை ஆளுநருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

1904இல் வந்த சட்டம் இதனினும் கொடிது. சிகரப் பகுதியில் சீனர்கள் குடியிருக்கத் தடை. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. கட்டணம் செலுத்தி வண்டியில் ஏறலாம், காற்று வாங்கலாம். அங்கே இரவில் உறங்க வேண்டுமாயின் எவருக்கேனும் ஏவலாளாய் இருத்தல் வேண்டும். 1906இல் ராபர்ட் ஹோ டுங் என்ற பெருவணிகர் சிறப்பு அனுமதி பெற்றுக் குடியேறினார். அவருடைய தந்தை ஐரோப்பியர். சட்டம் 1946இல்தான் நீக்கப்பட்டது.

திரும்புகையில் 15ஆம் எண் பேருந்தில் மலைவளைவுகளைச் சுற்றி இறங்கினோம். மறுநாள் காலை, 1993இல் திறக்கப்பட்ட நகரும் படிக்கட்டுத் தொடரைக் காணச் சென்றோம். ஏறத்தாழ 800 மீட்டர் நீளம், கட்டணம் இல்லை. காலை பத்து மணி வரை அது கீழ்நோக்கி மட்டுமே ஓடும், மேட்டில் வசிப்போர் அலுவலகம் செல்வதற்காக. அதன் ஓரத்துக் கற்படிகளில், கனத்த காய்கறிப் பைகளுடன் பணிப்பெண்கள் சிலர் மேலே ஏறிக்கொண்டிருந்தனர்.