ஒற்றை மின்வழங்கல் செயற்பாட்டுப் பெருக்கி

நேர், எதிர் என இரண்டு மின்வழங்கிகள் இல்லாமல் ஒரே மின்கலத்தில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்ட ஆப்-ஆம்ப், ஒற்றை மின்வழங்கல் செயற்பாட்டுப் பெருக்கி எனப்படுகிறது. இன்று இது சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பொருள். ஆனால் தொடக்ககால ஆப்-ஆம்புகளுக்கு எதிர் மின்னழுத்தமும் கட்டாயம் தேவைப்பட்டது.

அதன் காரணம் பெயரிலேயே உள்ளது. 1947இல் ரகஸினியும் அவருடைய சகாக்களும் இப்பெயரை ஆண்டபோது, செயற்பாடு என்றது கூட்டல், கழித்தல், தொகையிடல் போன்ற கணிதச் செயல்களை. ஒப்புமைக் கணினியில் எண்ணுக்குப் பதில் மின்னழுத்தம் நின்றது. எதிரெண் வேண்டுமானால் எதிர் மின்னழுத்தமும் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் பில்பிரிக் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்னும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிக்கு நேர் 300, எதிர் 300 வோல்ட் தேவைப்பட்டது. 1968இல் பேர்ச்சைல்டு நிறுவனத்தின் 741 சில்லு வந்தபோது இது 15 வோல்ட்டாகக் குறைந்தது. இரட்டை வழங்கல் மட்டும் மாறவில்லை.

தென்சென்னையில் மின்னணுவியல் கல்வி இதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றதும் இன்று தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியதுமான குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949இல் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை நிறுவினார். வானூர்தி, தானுந்து, மின்னணு, கருவியியல் ஆகிய நான்கும் அங்கு தொடக்கம் முதலே பாடங்கள். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்த 1950களில் சில்லு வடிவப் பெருக்கி பிறந்திருக்கவில்லை.

அந்நான்கில் தானுந்தும் மின்னணுவும் சந்தித்த இடத்தில்தான் இந்தப் பெருக்கி உருவானது என்பது சுவையான பொருத்தம். காரில் இருப்பது ஒரே 12 வோல்ட் மின்கலம். எதிர் வழங்கல் கிடையாது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ரசல், பிரடெரிக்சன் ஆகியோர் 1972இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, வாகனங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரிய சுற்றுகளைப் பற்றியது. அவ்வழியில் வந்ததே எல்எம்324. 14 கால்களில் நான்கு பெருக்கிகள். 3 முதல் 32 வோல்ட் வரை இயங்கும். உள்ளீட்டில் பிஎன்பி டிரான்சிஸ்டர்களை அமைத்ததால், சைகை தரை மட்டம் (0 வோல்ட்) வரை இறங்கினாலும் சில்லு அதை உணரும். இரட்டைச் சகோதரன் எல்எம்358.

இருந்தும் பலருடைய முதல் சுற்று வேலை செய்வதில்லை. ஒலிச் சைகை நேரும் எதிருமாக ஆடும். தரைக்குக் கீழே இறங்கும் பாதியை ஒற்றை வழங்கலால் காட்ட முடியாது. எனவே இரண்டு 100 கிலோ ஓம் மின்தடையங்களால் 9 வோல்ட்டைப் பாதியாக்கி, 4.5 வோல்ட் என்னும் செயற்கைத் தரையை உருவாக்குவர். அப்புள்ளியில் 10 மைக்ரோ பாரட் மின்தேக்கி ஒன்று நிற்கும். அங்கிருந்து மற்றொரு 100 கிலோ ஓம் வழியாக நேர் உள்ளீட்டுக்கு மின்னழுத்தம் செல்லும், சைகை 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கி வழியே வந்து சேரும்.

தவறு பெரும்பாலும் பின்னூட்டத்தில்தான். 100 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் சேர்ந்தால் பெருக்கம் 11 மடங்கு. 10 கிலோ ஓமை நேரே தரையில் இணைத்தால் 4.5 வோல்ட்டும் 11 மடங்காகி, வெளியீடு 49.5 வோல்ட்டைத் தேடும். இருப்பதோ 9. பெருக்கி உச்சியில் ஒட்டிக்கொள்ளும். ஒலி வராது, சில்லு பழுது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்த 10 கிலோ ஓமுக்குத் தொடராக ஒரு மின்தேக்கி வைத்தால் போதும்: நிலை மின்னழுத்தத்துக்குப் பெருக்கம் ஒன்று, ஒலிக்கு 11.

சரிபாதியும் மிகச் சிறந்த இடமன்று. எல்எம்324இன் வெளியீடு வழங்கலுக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 9 வோல்ட்டில் உச்சி 7.5. ஆகவே மேலே 3 வோல்ட், கீழே 4.5 என ஆட்டம் சமனற்றிருக்கும். கீழ் மின்தடையத்தை 68 கிலோ ஓமாக மாற்றினால் நடுப்புள்ளி சுமார் 3.6 வோல்ட்டாகி, இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்துவரும். பலவீனம் இன்னொன்றும் உண்டு. வெளியீட்டு மின்னோட்டம் திசை மாறும் தருணத்தில் ஒலி கரகரக்கும். வெளியீட்டிலிருந்து தரைக்குச் சில கிலோ ஓம் மின்தடையம் ஒன்றைப் பொருத்தினால், சிறு சுமைகளுக்கு அக்கரகரப்பு நீங்கிவிடும்.